மேலிருந்து பார்த்தால் குகை தெரியாது

மன்னார்குடியிலிருந்து:

நம்ம பக்கம் எங்கே திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான், ஒரு பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். அதனால் ராத்திரியில் கூகுள் எர்த்தின் செயற்கைக்கோள் படங்களைத் திறந்து நார்த்தாமலை, குடுமியான்மலை, தேனிமலை என்று குகை தேடி மேய்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் தெரிந்த குகையை வைத்துக் கண்ணைப் பழக்குங்கள். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள், தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து, எல்லாம் இருக்கிற இடம், ஆனால் படத்தில் வெறும் மொட்டைப்பாறைதான் தெரியும். பாறை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க அதன் அடியில் கிடைக்கிற இடுக்குதான் இங்கே குகை, மேலிருந்து எடுக்கிற படத்தில் கூரைதானே விழும்? சரி, நிழலை வைத்தாவது பிடிக்கலாம் என்றால், இந்தப் படங்களில் பெரும்பாலானவை காலை பத்தரை, பதினொன்று வாக்கில் எடுத்தவை, நிழல் மேற்கே சாய்ந்துவிடும், ஏழடிப்பட்டமோ மலையின் கிழக்கு முகத்தில் நல்ல வெயிலில் இருக்கிறது. குகை வாய் என்று கறுப்புத் திட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, படத்தைச் சாய்த்து, மொட்டைப்பாறை சட்டென்று முறிந்து புதர் ஆரம்பிக்கிற விளிம்பில் புள்ளி வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் எடுத்த பழைய படம் கிடைத்தால் இன்னும் நல்லது, நிழல் நீளமாக விழுவதால் பாறையின் உயரம் புரியும்.

திருவையாற்றிலிருந்து:

கறுப்புத் திட்டு பற்றிச் சொன்னது சரி அண்ணே. பல திட்டுகள் கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீர்தான். பழைய வருஷத்துப் படத்துக்குப் போனால் அதே இடத்தில் முழுசாக ஒரு குன்று நிற்கும், வயிறு எரியும்.

கீரனூர் தாண்டி ஒரு குன்று, பெயர் வேண்டாம். புள்ளிகளைப் போனில் ஏற்றிக்கொண்டு நண்பனோடு போயிருந்தேன். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "எங்க தம்பி போறீங்க?" என்றார். குகை பார்க்க என்றோம். "பொடவு இருக்கு, ஆனா இப்பத் தேனு கட்டியிருக்கு. சென்ட்டு கிண்ட்டு போட்டிருந்தா கிட்டயே போயிறாதீங்க." நண்பன் குளித்தானோ இல்லையோ, சென்ட் மட்டும் அடிக்காமல் கிளம்ப மாட்டான். தூரத்திலிருந்து பார்த்தோம், பாறை நெற்றிக்குக் கீழே பெரிய பெரிய மலைத்தேன் அடைகள் தொங்கின. எந்தச் செயற்கைக்கோள் இதைக் காட்டும்? அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, தேனடை என்று மாதத்தோடு எழுதினேன், மலைத்தேனீ பருவத்துக்கு இடம் மாறுகிற ஜாதி. பாறைக்கு ஒட்டினாற்போல் நின்றால் ஜிபிஎஸ் வேறு தாவிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் வெட்டவெளிக்கு வந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

புள்ளியைப் பொதுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி. வேலி போட்டுப் பாதுகாக்கிற சமணர் படுக்கை மேலேயே பெயர் கீறி, இதயத்தில் அம்பு வரைந்து வைக்கிறார்கள், காவலே இல்லாத குன்று என்றால் கேட்கவே வேண்டாம். புள்ளிகளை மட்டும் கேஎம்எல் என்கிற கூகுள் எர்த் கோப்பாகச் சேமித்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். எனக்கும்தான், மாசி பிறந்ததும் அந்தப் பக்கம் போகிறேன்.