ரொபெர்ட்டோ கிளமென்டேவின் புகழுக்கு அந்த விமான விபத்துதான் காரணமா?

புதுரசிகன்:
சில மாதங்களாகத்தான் பேஸ்பால் பார்க்கிறேன், விதிகளே இப்போதுதான் பிடிபடுகின்றன. எங்கே படித்தாலும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஆடிய ரொபெர்ட்டோ கிளமென்டே பெயர் வருகிறது. வருஷத்தில் ஒரு நாள் அவருக்காகவே ஒதுக்கி வீரர்கள் 21 என்ற எண் போட்டு ஆடுகிறார்கள், பிட்ஸ்பர்க்கில் ஒரு பாலத்துக்கே அவர் பெயர். சரி என்று கணக்கை எடுத்துப் பார்த்தால் 18 சீசனில் 240 ஹோம் ரன் (ஒரே அடியில் பேஸ் எனும் நான்கு முனைகளையும் சுற்றி வருவது). அதே காலத்தில் ஆடிய ஹாங்க் ஆரன் 755, வில்லி மேஸ் 660. தவறாக நினைக்க வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்கிறேன். 38 வயதில் விபத்தில் போய்விட்டாரே என்ற இரக்கத்தால் வந்த பெயரா, இல்லை ஆட்டத்திலேயே அவ்வளவு இருந்ததா?

வலதுமூலை:
ஆட்டத்திலேயே இருந்தது நண்பரே, கொட்டிக் கிடந்தது. ஹோம் ரன்னை மட்டும் எடுத்தால் அவர் பிடிபடவே மாட்டார். 1970 நடுப்பகுதி வரை பைரேட்ஸ் ஆடியது ஃபோர்ப்ஸ் ஃபீல்டில், அந்த மைதானத்தில் இடது-நடுப் பக்கச் சுவர் 457 அடி தூரம், கிட்டத்தட்ட 139 மீட்டர். அங்கே தூக்கி அடித்தால் பெரும்பாலும் கேட்ச்தான். அதனால் அவர் பந்தைத் தாழ்வாக, இடைவெளி பார்த்து அடித்துவிட்டு ஓடினார். 166 டிரிபிள் (ஒரே அடியில் மூன்றாவது பேஸ் வரை ஓடுவது), அடித்த சராசரி .317 (ஆயிரம் வாய்ப்பில் 317 ஹிட்), லீகிலேயே அதிகச் சராசரிக்கான பேட்டிங் பட்டம் நான்கு முறை, 1966-ல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர்.

1956 ஜூலை 25 ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படியுங்கள். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், பைரேட்ஸ் 8-5 என்று பின்தங்கி நிற்கிறது, மூன்று பேஸிலும் ஆள். கிளமென்டே அடித்த பந்து மைதானத்துக்குள்ளேயே உருள்கிறது. மூன்றாவது பேஸ் அருகே நின்ற மேலாளர் நிற்கச் சொல்லிக் கை காட்டுகிறார், இவர் கேட்கவில்லை, நேராக ஹோம் வரை ஓடி 9-8 என்று ஆட்டத்தை முடித்துவிட்டார். அப்போது அவருக்கு 22 வயதுகூட ஆகவில்லை.

அப்புறம் அந்தக் கை! பள்ளியில் ஈட்டி எறிந்தவர். அவர் நின்று ஆடிய ரைட் ஃபீல்டின், அதாவது மைதானத்தின் வலது வெளிப்புறத்தின், ஆழத்திலிருந்து மூன்றாவது பேஸுக்கு அவர் எறிவது தெரிந்ததால், ஓட வேண்டிய ஆட்டக்காரர்கள் ஓடாமலே நின்றுவிடுவார்கள். அப்படி நின்றவர்களை வழக்கமான புள்ளிவிவரங்கள் எண்ணுவதில்லை. 1961 முதல் 1972 வரை தொடர்ந்து 12 முறை கோல்டு கிளவ் (சிறந்த தடுப்பாட்டத்துக்கான விருது), அது போதும்.

கரும்புத்தோட்டம்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் எனக்கு அவர் பிடித்ததற்குக் காரணம் வேறு. புவெர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊர், அப்பா கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவர், ஏழு பிள்ளைகளில் இவர் கடைசி. 1955-ல் பிட்ஸ்பர்க் வந்தபோது கறுப்பு நிறம் ஒரு சுவர், ஸ்பானிஷ் இன்னொரு சுவர். அவர் பேசும் ஆங்கிலத்தைப் பத்திரிகைக்காரர்கள் உச்சரிப்பு மாறாமல் கொச்சையாகவே அச்சில் போட்டார்கள். பேஸ்பால் அட்டைகளில் அவரைக் கேட்காமலே பெயரை 'பாப்' என்று மாற்றினார்கள். அவர் ஒவ்வொரு முறையும் ரொபெர்ட்டோ என்றுதான் சொன்னார். 'எப்போதும் குறை சொல்கிறவர்' என்ற பட்டம் அதனாலும் வந்தது. முதுகு வலியோடு ஆடியதைக்கூட நடிப்பு என்றார்கள், 1954 இறுதியில் கார் விபத்தில் பட்ட அடி அது.

1971 உலகத் தொடரில் (சீசனின் இறுதிப் பட்டத் தொடர்) பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியிடம் முதல் இரண்டு ஆட்டமும் தோற்று, அங்கிருந்து ஏழாவது ஆட்டம் வரை போய் ஜெயித்தார்கள். இவர் சராசரி .414, கடைசி ஆட்டத்தில் ஒரு ஹோம் ரன், ஜெயித்தது 2-1. நேரடி ஒளிபரப்பில் மைக் நீட்டியதும், ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்னால், பெற்றோரிடம் ஆசி கேட்டு ஸ்பானிஷில் பேசினார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

வடதுருவம்:
விபத்து பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, அதை முழுசாகச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். 1972 நவம்பரில் புவெர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணியை அழைத்துக்கொண்டு நிகராகுவா போயிருந்தார், அங்கே மக்களோடு பழகியிருந்தார். டிசம்பர் 23-ல் மனாகுவா நகரத்தை நிலநடுக்கம் நொறுக்கியது. இவரே நிதி திரட்டி நிவாரணப் பொருள் அனுப்பினார். அது பாதிக்கப்பட்டவர்களுக்குப் போய்ச் சேராமல் நிகராகுவாவை ஆண்ட சர்வாதிகாரி சோமோசாவின் ஆட்கள் கைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும், நான் கூட வந்தால் திருட மாட்டார்கள் என்று புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஒரு பழைய டிசி-7 சரக்கு விமானத்தில் ஏறினார். அளவுக்கு மீறிய சுமை. சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. நினைவுச் சடங்குக்கு அணி முழுவதும் வந்தபோது கேட்ச்சர் மானி சாங்கியென் மட்டும் வரவில்லை, அவர் கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி 1973-லேயே ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான புகழ் மண்டபம்) சேர்த்தது அந்த மரணத்தால்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து என்றாலும் அவர் உள்ளே போயிருப்பார். 3,000 ஹிட் எடுத்தவரை யார் வெளியே நிறுத்துவது?

புதுரசிகன்:
மூவருக்கும் நன்றி. 240 என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு கேட்டது தப்பு என்று புரிகிறது. அந்த 3,000 சரியாக 3,000-தானா, ஒன்றுகூட அதிகமில்லையா? இன்னொன்று, 21 ஏன்?

வலதுமூலை:
சரியாக 3,000. 1972 செப்டம்பர் 30, மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் வீசிய பந்தில் ஒரு டபுள், வழக்கமான சீசனில் அவருடைய கடைசி ஹிட் அதுதான். 21 பற்றி: அம்மா வழிப் பெயரையும் சேர்த்து ரொபெர்ட்டோ கிளமென்டே வாக்கர் என்று ஸ்பானிஷ் எழுத்தில் எழுதி, ஒவ்வொரு பெயரிலும் எத்தனை எழுத்து என்று பாருங்கள். 7, 8, 6, கூட்டினால் 21. எண்ணிப் பார்த்துத்தான் அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கினார் என்பார்கள்.