புதுப்பிப்பு: தங்கைக்கு பி.எஸ்சி. நர்சிங்கா, டிப்ளமோவா? முடிவு எடுத்தாச்சு

பிளஸ் டூவில் உயிரியல் முடித்த தங்கையை 4 வருட பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ப்பதா, 3 வருட டிப்ளமோவிலா (ஜி.என்.எம்.) என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பி.எஸ்சி.யில் சேர்த்துவிட்டோம், கவுன்சிலிங் மூலம்.

முடிவைத் திருப்பியது, "மேற்படிப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான். டிப்ளமோ முடித்தவர் பட்டம் வாங்க போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இன்னும் 2 வருடம். ஆக மொத்தம் 5. எம்.எஸ்சி. போக எப்படியும் பட்டம் வேண்டும். தங்கைக்குப் பாடம் நடத்தும் ஆசை இருக்கிறது, அதனால் சரி. சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்கிற வீட்டுக்கு டிப்ளமோ இன்றும் நல்ல வழிதான். இரண்டிலும் பதிவுசெய்த நர்ஸ் ஆகலாம். பிளஸ் டூவில் அறிவியல் எடுக்காதவர்களுக்கும் டிப்ளமோவில் இடம் உண்டு.

அப்புறம், நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தைப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. பார்த்தோம். கூடவே, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் என்றும் கேட்டோம். ஒரு தனியார் கல்லூரியில் அதற்கு நேரான பதிலே வரவில்லை. வண்டிக் கட்டணம் மட்டும் உடனே சொன்னார்கள். அதை விட்டுவிட்டோம்.

எதிர்பாராதது: இப்போது பாடத்திட்டம் 8 செமஸ்டர். பழைய சீனியர்களிடம் வாங்கிய வருடாந்திரத் தேர்வுக் கேள்வித்தாள்கள் அப்படியே உதவாது.