புதுப்பிப்பு: தடா இல்லை, கைலாசகோனா

வடசென்னையிலிருந்து கைடு வேனில் தடா அருவியை அரை நாளில் பார்த்துவிடலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். தப்பு. அங்கே பாறையில் ஏறி நடப்பதே அரை நாளைத் தின்றுவிடும்.

அரை நாள்தான் என்றால் கைலாசகோனா அருவி. மாதவரத்தில் காலை 5.30க்குக் கிளம்பி, செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழி. ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரா. வேனுக்கு ஆந்திரா பர்மிட் கட்டியாச்சா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

வழுக்குவது தண்ணீர் கொட்டும் இடத்தில் மட்டுமல்ல, லேசாகக் கசியும் ஓரப்பாறையிலும்தான். அங்கேயும் பாசி படியும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பின்பட்டை வைத்தது போடுங்கள். துண்டை விட மாற்றுத்துணி முக்கியம். ஈரத்தோடு ஏறினால் டிரைவர் முறைப்பார்.