குன்னூர் மலைப்பாதையை கேமுக்குள் செய்கிறேன்: வந்த கருத்துகளும் எடுத்த முடிவுகளும்

மோட் செய்பவர்கள், அதாவது கேம்களுக்குப் புது மேப், வண்டி என்று தாங்களே செய்து சேர்ப்பவர்கள், தங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று இந்தத் திரியில் கேட்டிருந்தார்கள். எனக்குக் குன்னூர். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கேமுக்காக, மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாரிலிருந்து குன்னூர் வரை ஏறும் மலைப்பாதையை மேப்பாகச் செய்துகொண்டிருக்கிறேன். காசுக்குச் செய்வதில்லை, வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து செய்வது. ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னதில் எதைக் கேட்டேன், எதற்கு இணங்கவில்லை, ஏன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அளவு. செக் நாட்டு எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்ட கேம் இது. ஊருக்கு வெளியே உள்ள சாலைகள் இதில் 1:19 என்ற கணக்கில் சுருக்கப்பட்டிருக்கும். ஐரோப்பா முழுக்கச் சுற்றுவதற்கு அது தேவைதான். நம் பாதைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சாலையில் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். 19-ஆல் வகுத்தால் இரண்டு கிலோமீட்டர்கூடத் தேறாது. அதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சுமார் 1,400 மீட்டர் ஏற்றத்தையும் வைத்தால் எந்த லாரியும் ஏறாது. அதனால் முழு அளவிலேயே, 1:1 கணக்கில் செய்வது என்று முடிவெடுத்தேன். இதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. "இவ்வளவு நேரம் யார் ஓட்டுவது", "பாதி வளைவை எடுத்துவிடுங்கள்" என்று நிறையப் பேர் எழுதினார்கள். எடுக்கவில்லை. வளைவுகளுக்கு நடுவே வரும் அந்த நீளமான ஏற்றத்தில்தான் இன்ஜின் திணறுவதும் கியர் மாற்றுவதும் பின்னால் வண்டிகள் சேர்வதும் நடக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் வளைவுகள்தான். நேரமில்லாதவர்களுக்காகப் பர்லியாரில் ஒரு டிப்போ வைத்திருக்கிறேன். அங்கே வேலையை எடுத்தால் பாதி தூரம் ஓட்டினால் போதும்.

உயரக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை, மேப் செய்ய நினைப்பவர்களுக்காக. 2000-ல் நாசாவின் எண்டவர் விண்கலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 30 மீட்டர். மலையின் மொத்த உருவம் அதில் நன்றாக வரும். கொண்டை ஊசியின் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் அதைவிட நெருக்கமாக ஓடும் இடங்களில் இரண்டும் சேர்ந்து ஒரே சரிவாகத்தான் தெரியும். சாலை போகும் தடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். எந்த இடத்தில் எவ்வளவு சரிவு, தடுப்புச் சுவர் எங்கே முடிகிறது, ஓடை எங்கே சாலைக்குக் கீழே போகிறது என்பதையெல்லாம் நேரில் நடந்து பார்த்துக் கையால் சரி செய்தேன். இதற்குக் குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி, எல்லாரும் ஒரே குரலில் சொன்ன புகார்: ரோடு ரொம்பக் குறுகல், அகலப்படுத்துங்கள்.

இதை நான் பல நாள் யோசித்தேன். அகலப்படுத்துவது எளிது. கேமின் மேப் எடிட்டரில் வேறு சாலை வகையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஆனால் குறை சொன்னவர்கள் அனுப்பிய வீடியோக்களை வரிசையாகப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. யாருமே தனியாகப் போகும்போது மாட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீடியோவிலும் எதிரே ஒரு வண்டி இறங்கி வந்துகொண்டிருந்தது. வளைவில் பஸ்ஸோ லாரியோ திரும்பும்போது முன்பக்கம் எதிர்த்தடத்துக்குள் கொஞ்சம் போய்த்தான் வர வேண்டும். நம் ஊரில் எதிரே வருபவர் அதைப் பார்த்ததும் வளைவுக்கு முன்பே ஓரமாக நிறுத்திவிடுவார். மேலே ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும், போர்டும் வைத்திருக்கிறார்கள். கேமில் தானாக ஓடும் வண்டிகளுக்கு அது தெரியாது. நேராக வந்து நம் மூக்கின்மேல் நிற்கும். அப்புறம் இரண்டும் நகராது.

ஆக, அகலத்தைத் தொடாமல் இறங்கும் வண்டிகளை நிற்கவைக்க வேண்டும். வளைவுகளைச் சாதாரணச் சாலைத் துண்டாக வைக்காமல், சந்திப்புகளுக்குப் பயன்படுத்தும் ப்ரீஃபேப்பாக (முழுதாகச் செய்து மேப்பில் வைக்கும் சாலைத் தொகுதி) பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் புதிதாகச் செய்தேன். ப்ரீஃபேப்புக்குள் வண்டிகள் போகும் கோடுகளை நாமே வரையலாம், எந்தக் கோட்டுக்கு முன்னுரிமை என்றும் சொல்லலாம். ஏறும் கோடும் இறங்கும் கோடும் வளைவின் நடுவில் லேசாக உரசும்படி வரைந்து, ஏறும் கோட்டுக்கு முன்னுரிமை கொடுத்தேன். கேம் அதை ஒரு சந்திப்பாக எடுத்துக்கொள்கிறது. இப்போது கீழிருந்து ஒரு லாரி வளைவுக்குள் நுழைந்தால், மேலிருந்து வரும் கார் வளைவுக்கு முன்னாலேயே நிற்கிறது. அந்தப் பதிப்பு வெளியான பிறகு அகலத்தைப் பற்றி எழுதுவது அநேகமாக நின்றேவிட்டது. சாலை ஒரு அடிகூடப் பெரிதாகவில்லை.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பது இதுதான்: எந்த இடத்தில் கஷ்டமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அப்படியே நம்புவேன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்வதை மட்டும் ஓட்டிப் பார்த்த பிறகே எடுத்துக்கொள்வேன்.

யானை விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை. யானை சாலையில் வந்து வண்டியைத் துரத்த வேண்டும், கண்ணாடியை உடைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கல்லார் யானைகள் காலங்காலமாகக் கடக்கும் வழி. பலா பழுக்கும் மாதங்களில் பர்லியார் பக்கம் சாலையோரத்துக்கே வந்துவிடும். அவற்றின் பாதைக்குக் குறுக்கே நாம் சாலை போட்டு ஓட்டுகிறோம். ஹாரன் அடித்து, லைட் போட்டு, போன் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் அவற்றைப் பதறவைப்பதும் நாம்தான். அதை விளையாட்டாக்கி ஒரு பையன் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. எடிட்டரில், வரைந்த பாதையில் ஒரு மாடலை நடக்கவைக்கும் வசதி உண்டு. அதை வைத்துத் தடுப்புக்கு அப்பால், மரங்களுக்கு இடையில் ஒரு தாயும் குட்டியும் நடந்து போகும்படி செய்திருக்கிறேன். கவனித்து ஓட்டுபவருக்குத் தெரியும்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். ஏர் ஹாரன் கேட்டார்கள், தனிக் கோப்பாகக் கொடுத்துவிட்டேன், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். பனிமூட்டம் அதிகம் என்றார்கள், மரப்பாலத்துக்கு மேலே மட்டும் அப்படியே விட்டேன். பர்லியார் கடைகளில் மங்குஸ்தான் இல்லையே என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். உடனே வைத்துவிட்டேன். அரசுப் பழப்பண்ணை இருக்கும் ஊர், மங்குஸ்தான் இல்லாமல் அது பர்லியாரே இல்லை.

*

மறுமொழி: மேட்டுப்பாளையம் லோடு

தம்பி, உங்க மேப்பை அக்கா பையன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். நான் கேத்தி பாலாடாவிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவன். வளைவெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அப்படியே இருக்கிறது. எதிர் வண்டி நிற்பதும் சரி.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். உங்க கேமில் பெரிய லோடு எல்லாம் கீழேயிருந்து மேலே போகிறது, இறங்கும்போது வண்டி லேசாக இருக்கிறது. எங்களுக்கு நேர்மாறு. கேரட், உருளை, பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் மேலேயிருந்து கீழே போகிறது. தேயிலையும் அப்படித்தான். மேலே வரும்போது உரம், சிமென்ட், அரிசி வரும், சில நாள் காலி வண்டிதான் வரும். பயம் இருப்பது பாரத்தோடு இறங்குவதில்தான்.

இன்னொன்று பிரேக். பையன் பிரேக்கை மிதித்தபடியே பர்லியார் வரைக்கும் இறங்கிவிட்டான், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நிஜத்தில் அப்படி இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங் வாடை அடித்து, அடுத்த வளைவில் மிதித்தால் பிடிக்காது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் சமவெளியில் ஓட்டுகிற மாதிரியே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கித்தான் விபத்தில் மாட்டுகிறார்கள். உங்க கேமை விளையாடிவிட்டு நாளைக்கு ஒரு பையன் அப்பா காரை எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வருவான். அவன் கையில் இந்தப் பழக்கம் வர வேண்டும். முடிந்தால் செய்யுங்க.

*

மறுமொழி: கூடலூர் லிவரி

நான் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவுக்கு நம் அரசு பஸ் லிவரி, அதாவது பஸ்ஸின் வெளிப்புற வண்ணமும் எழுத்தும், செய்கிறேன். போனிலேயே ஓடும் கேம் என்பதால் எங்கள் பக்கம் பள்ளிப் பையன்கள் எல்லாரும் இதில்தான் இருக்கிறார்கள். எனக்கு வரும் கேள்வி முக்கால்வாசி நம்பர் பிளேட்டைப் பற்றித்தான். ஊரில் ஓடும் பஸ்ஸின் நம்பரையே போடச் சொல்வார்கள். நீலகிரியின் பதிவுக் குறியான டிஎன் 43 வரைக்கும் போட்டு, மீதி எண்களைக் கற்பனையாக வைக்கிறேன். அந்த பஸ்ஸுக்கு ஒரு டிரைவரும் கண்டக்டரும் இருக்கிறார்கள். கேமில் யாரோ அதைப் பள்ளத்தில் உருட்டி வீடியோ போட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? மலை பஸ்ஸின் நீளத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை. சமவெளி பஸ்ஸைவிடக் குட்டையாக இருந்தால்தான் அது நம் பஸ்.

*

மறுமொழி: ரன்னிமேடு

சாலையை எழுதிவிட்டீர்கள், ரயிலை நான் எழுதுகிறேன். ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டருக்கு நம் நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரப் பகுதியைச் செய்கிறோம், நண்பர்கள் சிலர் சேர்ந்து. கல்லார் தாண்டியதும், இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல் தண்டவாளம் நடுவில் தொடங்கும், குன்னூர் வரை அதுதான். 12 அடி போனால் 1 அடி ஏற்றம்.

எங்களுக்கு வந்த பெரிய கோரிக்கை, இன்ஜினை முன்னால் மாட்டுங்கள் என்பது. படம் எடுத்தால் அழகாக இருக்குமாம். பல் தண்டவாளத்தில் ஏறும்போது நீராவி இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். எது கழன்றாலும் பெட்டிகள் தனியாக உருண்டு ஓடக் கூடாதே, அதற்காக. அதனால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடி காட்டித்தான் ஓட்டவே முடியும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. இன்ஜினை முன்னால் போட்டால் இவர்கள் யாருமே தேவையில்லை என்று ஆகிவிடும். எங்கள் ஊரில் அது எத்தனை வீட்டின் வேலை!

இடத்தை மாற்றவில்லை. ஆனால் கேட்டவர்களின் கஷ்டமும் உண்மை. இன்ஜினில் உட்கார்ந்தால் திரை முழுக்கப் பெட்டியின் முதுகுதான். ஆகவே தொடங்கும்போதே கேமராவை முதல் பெட்டியின் முகப்பில் வைத்துவிட்டோம். இன்ஜின் டிரைவராக ஓட்டினாலும் பிரேக்ஸ்மேன் நிற்கும் இடத்திலிருந்து பாதையைப் பார்க்கிறார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். பார்த்துவிட்டு, ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கவில்லையே என்று மட்டும் கேட்டார். அதைச் சேர்த்தாயிற்று.

வேகம் போதவில்லை என்பவர்களுக்கு ஒரே பதில்தான். பல் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டர். 1899-ல் குன்னூருக்கு வந்த பாதை, யாரும் இதுவரை அவசரப்பட்டதில்லை.

*

மேப்காரரின் பதில்

மேட்டுப்பாளையம் அண்ணா, நீங்கள் சொன்ன சரக்குக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் கேரட்டும் தேயிலையும் கீழே இறங்கும், உரமும் சிமென்ட்டும் மேலே ஏறும். பிரேக் சூடேறுவதை மேப்புக்குள் கொண்டுவர எனக்கு வழி இல்லை. ஆனால் நம் லாரியின் அளவுகளை எழுதிவைக்கும் டெஃப் கோப்பில் பிரேக்கின் பலத்தைக் குறைத்து, பிரேக்கை மிதிக்காமலே வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டரையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். முழு லோடோடு மூன்றாவது கியரில் இறங்கினால் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுத்துக்கொண்டு போகிறது, இரண்டாவது கியரில் பிடித்து நிற்கிறது. இதைத் தனி மோடாகப் போடாமல் மேப்போடு சேர்த்தே தரப் போகிறேன். கஷ்டமாக இருக்கிறது என்று புகார் வரும். வரட்டும், இந்த ஒன்றை மாற்ற மாட்டேன்.

ரன்னிமேடு நண்பருக்கு: சாலையிலிருந்து பார்த்தால் ரயில் தெரியும் இடங்களில் உங்கள் பெட்டி மாடல்களைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். உங்கள் பெயர்களை மேப்பின் முகப்பிலேயே போடுகிறேன்.

அடுத்ததாக கோத்தகிரி பாதை. சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்களே, அந்த ஒருவழி ஏற்பாட்டையே கேமில் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். குஞ்சப்பனை பக்கம் தினமும் ஓட்டுபவர்கள், எந்த இடத்தில் எந்த கியரில் இறங்குகிறீர்கள், எங்கே நின்று வழி விடுகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.