நம்ம குடும்பம் (சயான் – தாராவி)

கீர்த்தி: நாளைக்கு இங்கிலீஷ் லிட்ரேச்சர் டெஸ்ட். சிமிலி, மெட்டஃபர் ஓகே. பெர்சானிஃபிகேஷனும் பத்தெடிக் ஃபாலசியும் எனக்கு ஒண்ணாவே தெரியுது. யாராச்சும் சொல்லுங்க 🙏

அருண்: லைக், ஆஸ் வந்தா சிமிலி, வரலைன்னா மெட்டஃபர். மத்ததை சாய்ஸ்ல விடு

மீனா சித்தி: நல்ல அண்ணன்!

பெரியப்பா: ஏல அருண், அது பாதிதான். 'மதிமுகம்'ல 'போல' எங்க இருக்கு? ஆனா உவமைதான், உருபு மறைஞ்சு நிக்கி. 'முகமதி'ன்னு திருப்பிப் போட்டாத்தான் உருவகம்.

அருண்: பெரியப்பா, அவளுக்கு இங்கிலீஷ் பரீட்சை

பெரியப்பா: பொறு, வாரேன். சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வாராங்க. கோட்டையில கொடி காத்துக்கு ஆடுது. 'வாரல்', அதாவது வராதீங்கன்னு கை காட்டுத மாதிரி இருந்துச்சுங்கார் இளங்கோ. தானா நடக்குற ஒண்ணுமேல கவிஞர் தன் குறிப்பை ஏத்துதார். தற்குறிப்பேற்ற அணி.

கீர்த்தி: உயிரில்லாத கொடி மனுஷன் மாதிரி கை காட்டுதுன்னா அது பெர்சானிஃபிகேஷன்தானே?

பெரியப்பா: கை காட்டுத வரைக்கும் அதுதான். ஆனா ஏன் தடுக்குது? உள்ள போனா கோவலன் உசிரு போயிரும்னு கவிஞருக்குத் தெரியும். அந்தப் பதைப்பு கொடிக்கு வந்துட்டு. மனுஷன் மனசை இயற்கைமேல ஏத்துறதுக்கு இங்கிலீஷ் விமர்சகர் ரஸ்கின் 1856ல வெச்ச பேருதான் பத்தெடிக் ஃபாலசி. அவரு அதைக் குறையாத்தான் சொன்னாரு. நம்மாளு தண்டியலங்காரம்ங்கிற அணி இலக்கண நூல்ல தற்குறிப்பேற்றத்தை அழகுன்னு சேத்துக்கிட்டான்! ஆனா தற்குறிப்பேற்றமும் பத்தெடிக் ஃபாலசியும் அச்சு அசல் ஒண்ணில்ல, ஒண்ணுன்னு பேப்பர்ல எழுதிராத.

மீனா சித்தி: கிங்ஸ் சர்க்கிள்ல முட்டளவு தண்ணி. கீர்த்தி டெஸ்ட்டுக்குப் போகக் கூடாதுன்னு மழை மறியல் பண்ணுதாம். சரியா அத்தான்?

பெரியப்பா: நூத்துக்கு நூறு. இளங்கோவே ஒத்துக்கிடுவாரு

கீர்த்தி: அப்ப 'டெலிபோன் கூப்பிட்டு நச்சரிச்சுது'ன்னா பெர்சானிஃபிகேஷன். ஹீரோயின் அழும்போது வானமும் சேந்து அழுதுச்சுன்னா பத்தெடிக் ஃபாலசி?

பெரியப்பா: அதேதான் மக்கா. பேரை மட்டும் எழுதிட்டு வந்துராத. எந்த வரி, அதனால வாசிக்கிறவனுக்கு என்ன தோணுதுன்னும் எழுது. மார்க் அங்கதான் இருக்கு.

கீர்த்தி: இன்னும் ஐரனி பாக்கி

பெரியப்பா: வஞ்சப்புகழ்ச்சியில இருந்து ஆரம்பிப்போம். 9 மணிக்கு வீடியோ கால் போடு, டைப் அடிச்சு விரலு வலிக்கி