வீடு பார்க்க வந்தவங்க – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

அப்பா போனதுக்கப்புறம் அம்மாவால தனியா இருக்க முடியல, அண்ணன் ஒரு ஊரு நான் ஒரு ஊரு, அதனால நாங்க வளர்ந்த வீட்டை விக்கிறதுன்னு முடிவு பண்ணோம். ரொம்ப பழைய ஏரியா, தெருவுல பாதிப் பேரு 40 வருஷமா அங்கயே இருக்கறவங்க. 4 மாசத்துல ஒரு 20 குடும்பம் வந்து பாத்துட்டுப் போயிருக்கும். ஹால்ல நின்னுக்கிட்டே இந்த சுவத்தை இடிச்சிடலாம், அந்த ரூமே வேணாம்னு அம்மா காது படவே பேசுவாங்க, அம்மா எதுவும் சொல்லாம பின்பக்கம் போயிடுவாங்க. விக்கப் போறவங்க தயவுசெஞ்சு அந்த நேரத்துல பெரியவங்கள பக்கத்து வீட்ல உக்கார வைங்க, எனக்கு இது லேட்டாதான் புரிஞ்சுது.

மறக்க முடியாதவர் ஒருத்தர்தான். கட்டட வேலை பாத்து ரிட்டயர் ஆனவராம். முதல் தடவை பகல்ல வந்தார், ரெண்டாவது தடவை நல்ல மழை பெஞ்ச மறுநாள் வந்தார். வந்ததும் குழாய் எல்லாத்தையும் ஒரே நேரத்துல திறந்து விட்டு தண்ணி எப்படி விழுதுன்னு பாத்தார், பழைய இரும்பு பைப்னா உள்ள துரு பிடிச்சு வழி குறுகிப் போயிருக்கும்னு சொன்னார். அப்புறம் பின் ரூம் சுவத்துல கைய வச்சு "இது மட்டும் ஏன் புது பெயிண்ட்?"னு கேட்டார். புரோக்கர் சொல்லி நாங்கதான் அடிச்சோம். நான் வாயத் திறக்கறதுக்குள்ள அம்மா, "மழை பெஞ்சா ஓதம் ஏறும் தம்பி, வெள்ளையா உப்பு பூக்கும், மொட்டை மாடி ஓரத்துல இருந்து இறங்குது"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அவமானமா போச்சு, அதை மறைக்கப் பாத்தது நான்தானே.

பீரோவ நகர்த்தச் சொன்னார். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு விரிசல். தலைமுடி மாதிரி இருக்கறது பெரும்பாலும் பூச்சு காயும்போது வர்றது, ஆனா சாய்வா போய் ஒரு பக்கம் அகலமா இருந்தா அஸ்திவாரம் இறங்குதான்னு பாக்கணும், ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வச்சு நீளுதான்னு கவனிக்கணும்னு அவர் சொல்லும்போதே குனிஞ்சு பாத்துட்டு நிறுத்திட்டார். அங்க ஏற்கனவே கோடு இருந்துச்சு. அப்பா கையெழுத்துல தேதி, அதுக்குக் கீழ வருஷம் மாத்தி மாத்தி ஏழெட்டு தேதி. விரிசல் முதல் கோட்டைத் தாண்டவே இல்ல. இத்தனை வருஷம் அதே ரூம்ல படுத்திருக்கேன், எனக்கு அது தெரியாது. மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் பண்ற செலவை மட்டும் கழிச்சுக்கிட்டு அவரே வாங்கிட்டார்.

*

படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் வாங்கற பக்கம் இருந்தவ. எனக்கு உதவினது எதிர்வீட்டு அக்கா. கேட் கிட்ட நின்னு சும்மா பேசிட்டு இருந்தேன், "அந்த மரத்து வேர் சாக்கடை பைப்புக்குள்ள போயி ரெண்டு தடவை அடைச்சிக்கிச்சும்மா"ன்னு சொன்னாங்க. விக்கறவங்க இதப் பத்தி மூச்சு விடல. ராத்திரியும் ஒரு தடவை போய்ப் பாருங்க, பார்க்கிங், நாய், சத்தம் எல்லாம் அப்பதான் தெரியும்.

*

எங்க கதை வேற. வீடு நல்லா இருந்துச்சு, அட்வான்ஸும் வாங்கிட்டோம், அப்பதான் தாத்தா பேர்ல இருந்து அப்பா பேருக்கு மாறவே இல்லைன்னு தெரிஞ்சுது. அத்தைங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், ஒருத்தங்களோட பேசியே பல வருஷம். அப்பா நேர்ல போய்க் கேட்டாரு. அத்தை கையெழுத்து போட்டாங்க, ஆனா முதல்ல ஒரு தடவை வீட்டைப் பாக்கணும்னு சொல்லி வந்து, மாடிப்படில ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க.