ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக் குழுவில் சேரும்போது எந்த நிலையைக் குறிப்பிடுவது?

தங்கச்சிமடத்திலிருந்து கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கில மின்னஞ்சல்களைப் படித்துப் பதில் எழுதுவது பழகிய வேலைதான். ஆனால் அவர்களே தொலைபேசியில் அழைத்தால் முதலாளியிடம் கொடுத்துவிடுகிறேன். விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களும் எனக்கு மாலையில் ஓய்வு உண்டு என்பதால், இணையவழிப் பேச்சுப் பயிற்சிக் குழு ஒன்றில் சேர விரும்புகிறேன். அதன் படிவம் தொடக்க நிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த சி2 வரையிலான ஆறு நிலைகளில் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2) ஒன்றைக் குறிக்கச் சொல்கிறது.

இணையத்தில் கிடைத்த இலவசத் தேர்வில் எனக்கு பி2 என்று வந்தது. அதை நம்பி முன்பு ஒரு பி2 குழுவில் சேர்ந்து, ஒரு மணி நேரத்தில் பெயரையும் ஊரையும் சொன்னதோடு நின்றுவிட்டேன். மற்றவர்கள் பேசியது பெரும்பாலும் புரிந்தது. நான் பதிலை மனத்திற்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறிடத்திற்குப் போய்விட்டது. அந்தத் தேர்வின் முடிவு தவறா? இந்த 61 நாள்களில் ஒரு நிலை மேலே ஏற முடியுமா?

மண்டபம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

தம்பி, தேர்வு தவறென்று சொல்ல மாட்டேன். அது அளந்தது வேறொன்றை. இந்த ஆறு நிலைகளும் ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட, மொழித்திறனை அளக்கும் பொதுச் சட்டகத்திலிருந்து வந்தவை. அதிலேயே கேட்டல், வாசித்தல், உரையாடுதல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனி விளக்கங்கள் உண்டு. ஒருவரே வாசிப்பில் பி2 ஆகவும் உரையாடலில் ஏ2 ஆகவும் இருப்பது மிக இயல்பு. நாளிதழ்த் தமிழைப் படித்துப் பழகிய வெளிமாநிலத்தவர் ஒருவரைப் பாம்பன் மீன் ஏலத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் எவ்வளவு திணறுவாரோ, அப்படித்தான் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் பி2 வாங்கியவர் உரையாடலில் திணறுவதும்.

பேச்சுக் குழுவிற்கு உரையாடல் நிலை மட்டுமே கணக்கு. இராமேசுவரத்திற்கு வந்த பயணி ஒருவருக்குத் தனுஷ்கோடிப் பேருந்து எங்கே நிற்கும், கட்டணம் எவ்வளவு என்று சொல்ல முடிந்து, அதற்கு மேல் பேச்சை நீங்களாக வளர்க்க முடியவில்லை என்றால் அது ஏ2. 1964 புயலில் அந்த ஊர் எப்படி அழிந்தது என்று அவர் திடீரெனக் கேட்கும்போது, முன்தயாரிப்பில்லாமல், தடுமாறியாவது கோவையாகச் சொல்ல முடிந்தால் பி1. மீண்டும் அங்கே மக்களைக் குடியேற்றலாமே என்று அவர் வாதிட, நீங்கள் காரணம் காட்டி மறுத்து, அவருடைய மறுப்புக்கும் உடனே பதில் சொல்ல முடிந்தால்தான் பி2. கைப்பேசியில் ஒலிப்பதிவை முடுக்கிவிட்டு, தாளைப் பார்க்காமல், இரண்டு நிமிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பிறகு யாரையாவது அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்தான் உங்கள் நிலையைக் காட்டும்.

கால அளவைப் பொறுத்தவரை, ஏ2 வரை வர ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரமும், பி1 வரை வர 350 முதல் 400 மணி நேரமும் வழிகாட்டலுடன் கூடிய கல்வி தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் கணக்கு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் உங்களிடம் இருப்பது 61 மணி நேரம். ஆனாலும், சொற்களும் இலக்கணமும் வாசிப்பின் வழியே உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால், வெறுங்கையுடன் தொடங்குபவருடைய தூரம் உங்களுக்கு இல்லை என்றே நினைக்கிறேன். ஏ2 என்று எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. துபாயில் பல ஆண்டுகள் கடையில் நின்றதால் ஆங்கிலம் தடையில்லாமல் பேசுவேன். எழுதவோ படிக்கவோ அந்த அளவுக்கு வராது. தேர்வு முடிவு ஏ2 என்று வந்ததை அப்படியே படிவத்தில் எழுதியதால், படத்தைக் காட்டிப் பழத்தின் பெயர் கேட்கும் குழுவில் போட்டார்கள். இரண்டு வாரத்தில் விலகிவிட்டேன். ஆகவே படிவத்தில் ஒரே எழுத்தை மட்டும் குறிக்காமல், பேச்சு இன்னது, வாசிப்பு இன்னது என்று பிரித்து எழுதுங்கள். குழுவில் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 12 நிமிடம் கிடைக்கும். இருபது பேர் என்றால் மூன்று நிமிடம்தான். எந்த நிலையில் இருந்தாலும் மூன்று நிமிடத்தில் வாய் பழகாது.

பாம்பனிலிருந்து:

ஐயா மன்னிக்க வேண்டும், இவர் ஏ2 குழுவில் சேர்வதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லோரும் சொல்லைத் தேடித் தவிக்கும் இடத்தில் புதிதாக ஒரு சொல்லை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? நான் அப்படியொரு குழுவில் நான்கு மாதம் இருந்தேன். அனைவரும் ஒருவருடைய பிழையை மற்றவர் கற்றுக்கொண்டோம். மற்றவர்கள் பேசுவது புரிகிறது என்று இவரே சொல்வதால், பி1 குழு இவரைத் தாங்கும்.

தங்கச்சிமடத்திலிருந்து மறுமொழி:

ஐயா, நீங்கள் சொன்னபடி நேற்று இரவு ஒலிப்பதிவு செய்தேன். இறாலைத் தரம் பிரிக்கும் முறையை இரண்டு நிமிடம் ஓரளவு சொல்லிவிட்டேன். தங்கை கேட்ட முதல் கேள்விக்குப் பதில் வந்தது. பனிக்கட்டி குறைந்தால் என்ன செய்வீர்கள் என்ற இரண்டாவது கேள்வியில் நின்றுவிட்டேன். பேச்சு ஏ2, கேட்டல் பி1, வாசிப்பு பி2 என்று பிரித்து எழுதிப் படிவத்தை அனுப்பியிருக்கிறேன். பாம்பன் சகோதரி சொன்னதற்காக, பி1 குழுவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பீர்களா என்றும், கீழக்கரை அண்ணன் சொன்னதற்காக, அதில் எத்தனை பேர் என்றும் கேட்டிருக்கிறேன்.